ஒரே கணக்கு, இரண்டு திசை: இணையத்தில் சமன்பாடுகள் ஏன் இன்னும் தடுமாறுகின்றன

பாரசீக மொழியில் ஒரு வரி எழுதி, அதன் நடுவே 5-3 என்று சாதாரணமாகத் தட்டச்சு செய்து பாருங்கள். திரையில் 3-5 என்று தெரியும். தட்டச்சிலும் பிழை இல்லை, கணினியிலும் கோளாறு இல்லை. எல்லா மொழி எழுத்துகளையும் கணினியில் குறிக்கும் பொதுத்தரமான யூனிகோடின் இருதிசை விதிகள் சொன்னதைச் சொன்னபடி உலாவி செய்திருக்கிறது, அவ்வளவுதான். அதே 5-3ஐ ஹீப்ரு வரியின் நடுவே போட்டால் மாறாமல் 5-3 என்றே நிற்கும். சரி, ஹீப்ரு தப்பித்தது என்று நினைத்து, படிக்க வசதியாகக் கழித்தல் குறிக்கு இருபுறமும் ஓர் இடைவெளி விட்டால் அங்கேயும் 3 - 5 ஆகிவிடும். ஓர் இடைவெளி விட்டதற்கு விடையின் குறியே மாறுகிறது.

இதில் என்னைக் கவலைப்பட வைப்பது, பிழை பிழையாகத் தெரியாததுதான். எழுத்துரு இல்லாமல் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் ஏதோ கெட்டுப்போயிற்று என்று யாருக்கும் புரிந்துவிடும். 3 - 5 அப்படியல்ல. பார்க்க ஒழுங்கான கணக்குதான், தவறான கணக்கு என்பது மட்டும் தெரியாது. பாடம் படிக்கும் குழந்தை தன் மூளையைத்தான் சந்தேகப்படுமே தவிர, பக்கத்தைச் சந்தேகப்படாது.

ஏன் இப்படி ஆகிறது? யூனிகோட் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு திசை வகை கொடுத்து வைத்திருக்கிறது. நம் எழுத்துகள் இடமிருந்து வலம். ஹீப்ரு எழுத்துகள் வலமிருந்து இடம். அரபு எழுத்துகளும் வலமிருந்து இடம்தான், ஆனால் அவற்றுக்குத் தனி வகை. பாரசீகமும் உருதுவும் இந்த அரபு வகைக்குள் வந்துவிடுகின்றன. இந்த மொழிகள் எல்லாவற்றிலும் எண்கள் இடமிருந்து வலமாகவே ஓடும். அரபியில்கூட 125 என்பதில் நூறு இடப்பக்கம்தான். சிக்கல் குறிகளில்தான் வருகிறது. கூட்டல், கழித்தல் குறிகள் இரண்டு எண்களுக்கு நடுவே ஒட்டி நின்றால் அந்த எண்களோடு சேர்ந்துகொள்ளலாம் என்று ஒரு விதி உண்டு. ஹீப்ரு வரியில் இந்த விதி வேலை செய்கிறது. இடைவெளி வந்துவிட்டால் ஒட்டுதல் போய்விடும், குறி பத்தியின் திசையோடு போய்விடும். அரபு வகை எழுத்து முன்னால் இருந்தாலோ, பின்னால் வரும் எண்களே வேறு வகையாக மாறிவிடும், அப்போது ஒட்டியிருந்தாலும் பயனில்லை.

இந்த விதிகளை எழுதியவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அவை உரைக்காக எழுதப்பட்டவை: கடிதம், செய்தி, முகவரி, தேதி. கணக்கு உரை அல்ல. அதற்குத் தனி அமைப்பு இருக்கிறது, அந்த அமைப்பு ஒரு வரி எழுத்தில் அடங்காது.

இப்போது இன்னொரு பக்கம் பாருங்கள். திரையில் வந்த அந்த 3-5ஐ எகிப்தில் பள்ளியில் கணக்குப் படித்த ஒருவர் பார்த்தால், வலப்பக்கத்திலிருந்து ஆரம்பித்து ஐந்து கழித்தல் மூன்று என்று சரியாகவே படிப்பார். அங்கே பள்ளிக் கணக்கை வலமிருந்து இடமாக எழுதும் வழக்கம் உண்டு. ஈரானில் உரை வலமிருந்து இடம், ஆனால் சமன்பாடு இடமிருந்து வலம், எண்கள் மட்டும் பாரசீக எண்கள். ஹீப்ருவிலும் உரை ஒரு பக்கம் ஓடும், சமன்பாடு எதிர்ப்பக்கம் ஓடும். மொராக்கோவில் உரை அரபு, கணக்கு கிட்டத்தட்ட பிரெஞ்சு முறைதான், லத்தீன் எழுத்துகளோடு. ஆக, ஒரே திரைக்காட்சி ஒருவருக்குச் சரி, இன்னொருவருக்குத் தவறு. உரையின் மொழியை வைத்துக் கணக்கின் திசையைக் கண்டுபிடிக்கவே முடியாது. எழுதுகிறவர் சொல்லித்தான் ஆகவேண்டும். இதைப் பற்றி எவ்வளவு படித்தாலும் நான் திரும்பத் திரும்ப வந்து நிற்கிற இடம் இதுதான். பக்கம் அரபு, எனவே சூத்திரத்தையும் திருப்பிவிடுவோம் என்று ஊகிக்கும் மென்பொருளும் தவறுகிறது, சூத்திரம் என்றாலே இடமிருந்து வலம்தான் என்று ஊகிக்கும் மென்பொருளும் தவறுகிறது.

இணையத்தில் கணிதம் எழுதுவதற்கான குறிமொழி மேத்எம்எல். அதன் முதல் பதிப்பு 1998இல், இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையாக வந்தது. இடமிருந்து வலம் என்பதைத் தவிர வேறு திசையைச் சொல்ல அதில் வசதி இல்லை. 2006 ஜனவரியில், அரபுக் கணிதக் குறியீடு எப்படியெல்லாம் இருக்கிறது, மேத்எம்எல்லில் என்ன குறைகிறது என்று விளக்கி டபிள்யூ3சி ஒரு குறிப்பு வெளியிட்டது. மொராக்கோவின் மராகேஷ் நகரிலுள்ள காதி அய்யாத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அஸ்ஸெத்தீன் லாஸ்ரெக் அதன் ஆசிரியர்களில் முக்கியமானவர். அரபுக் கணிதத்தைத் தெக் (TeX) என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில் அச்சிடவும் அவர் கருவிகள் செய்திருக்கிறார். அரபு உலகத்திலேயே மொராக்கோ பாணி, மக்ரிப் (மேற்கு அரபு நாடுகள்) பாணி, மஷ்ரிக் (கிழக்கு அரபு நாடுகள்) பாணி என்று தனித்தனி வழக்கங்கள் இருப்பதைப் படங்களோடு காட்டிய ஆவணம் அது. மக்ரிப் பாணியில் திசை வலமிருந்து இடம், ஆனால் எண்கள் நாம் எழுதும் அதே 1, 2, 3. மஷ்ரிக் பாணியில் எண்களும் அரபு-இந்திய எண்கள்.

அதற்குப் பலன் கிடைத்தது. 2010 அக்டோபரில் வந்த மேத்எம்எல் 3இல் திசையைச் சொல்லும் பண்பு சேர்ந்தது. சூத்திரம் முழுவதற்கும் ஒரு திசை, உள்ளே இருக்கும் தனிச் சொல்லுக்கு வேண்டுமானால் வேறு திசை என்று கொடுக்கலாம். அதில் ஒரு முடிவு எனக்கு மிகவும் சரியாகப் படுகிறது: சுற்றியுள்ள பத்தி வலமிருந்து இடமாக இருந்தாலும், சூத்திரம் தானாக அதைப் பின்பற்றாது. எதுவும் சொல்லாவிட்டால் இடமிருந்து வலம்தான். முதலில் கேட்கும்போது இது ஒருதலைப்பட்சமாகத் தோன்றலாம். ஆனால் பாரசீகத்துக்கும் ஹீப்ருவுக்கும் மொராக்கோவுக்கும் அதுதான் வேண்டும், மஷ்ரிக் பாணியில் எழுதுகிறவர் ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும்.

திசையைச் சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்ததா என்றால், இல்லை. அடுக்கு இப்போது இடப்பக்கத் தோளில் ஏற வேண்டும். கீழொட்டும் இடப்பக்கம் வர வேண்டும். அடைப்புக்குறிகள் திரும்ப வேண்டும். சிறியது பெரியது குறிகளை யோசியுங்கள்: 3 < 5 என்பதை வலமிருந்து இடமாக எழுதினால் வலப்பக்கம் 3, இடப்பக்கம் 5, நடுவில் குறி கண்ணாடியில் பார்த்ததுபோல் திரும்பியிருக்கும். நம் கண்ணுக்கு அது 5 > 3 என்று தெரியும். இரண்டும் உண்மைதானே? கண்ணாடி ஒழுங்காக வேலை செய்தால் உண்மை மாறுவதில்லை. எண்கள் இடம் மாறி, குறி மட்டும் திரும்பாமல் நின்றுவிட்டால் 5 < 3 என்று ஒரு பச்சைப் பொய் திரையில் வரும்.

சில குறிகளுக்குத் திரும்பிய இணை எழுத்து யூனிகோடிலேயே இருக்கிறது. அடைப்புக்குறியும் சிறியது பெரியதும் அப்படித்தான், ஒன்றை எடுத்து மற்றதன் இடத்தில் வைத்தால் போதும். வர்க்கமூலக் குறிக்கு அப்படி இணை கிடையாது. இது திரும்ப வேண்டிய குறி என்று யூனிகோட் சொல்கிறது, திரும்பிய வடிவத்தை எழுத்துருதான் வரைந்து வைத்திருக்க வேண்டும். ஓபன்டைப் என்ற வடிவில் வரும் எழுத்துருக்களில் அதற்கென்றே ஒரு வசதி உண்டு, ஆனால் அதை நிரப்பி வைத்திருக்கும் கணித எழுத்துருக்கள் மிகச் சில. எக்ஸ்ஐடிஎஸ் மேத் அவற்றில் ஒன்று. எழுத்துருவில் அது இல்லாவிட்டால், மூலக்குறியின் கொக்கி ஒரு பக்கமும் அதன் கூரை இன்னொரு பக்கமுமாக நிற்கும்.

அம்புக்குறி இன்னும் விசித்திரம். → திரும்ப வேண்டிய குறியாகவே யூனிகோடில் பதிவாகவில்லை. வீதியில் வலப்பக்கம் போ என்று காட்டும் அம்பு, மொழி மாறியதால் இடப்பக்கம் காட்டக் கூடாது அல்லவா, அது நியாயம். ஆனால் ஒரு மாறி முடிவிலியை நோக்கிப் போகிறது என்று எல்லைக் கணக்கில் எழுதும்போது அம்பு திரும்பியே ஆகவேண்டும், இல்லாவிட்டால் முடிவிலி மாறியை நோக்கி வருகிறது என்று ஆகிவிடும். அங்கே எழுதுகிறவரே கவனமாக ← போட வேண்டும். தானாக மொழிபெயர்க்கும் கருவிகள் தடுக்கி விழும் இடங்களில் இதுவும் ஒன்று.

எழுத்துகளுக்கு வருவோம். அரபுக் கணிதத்தில் எக்ஸ் இருக்கும் இடத்தில் பெரும்பாலும் சீன் என்ற எழுத்தும், ஒய் இருக்கும் இடத்தில் ஸாத் என்ற எழுத்தும் வரும். இரண்டையும் பெருக்க வேண்டுமென்றால் நாம் இரண்டு எழுத்துகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிடுவோம். அரபு எழுத்துகளை அப்படி வைத்தால் அவை கைகோத்து ஒரு சொல்லாகிவிடும். பெருக்கல் போய், அர்த்தமில்லாத ஒரு சொல் வந்து நிற்கும். இன்னொன்று: அலிப் என்ற எழுத்தும் அரபு-இந்திய 1ம் வெறும் கோடுகள். ஹே என்ற எழுத்தின் தனி வடிவமும் அந்த எண்வரிசையின் 5ம் வட்டங்கள். அந்த 5 நம் சுழியம் போல இருக்கும், அவர்களுடைய சுழியமோ ஒரு புள்ளி! அதனால் தசமத்துக்குப் புள்ளி போட்டால் சுழியத்தோடு குழம்பும், காற்புள்ளி போன்ற தனிக்குறி வேண்டியிருக்கிறது. கையால் எழுதும்போது ஆசிரியர்கள் இதற்கெல்லாம் தலைமுறை தலைமுறையாக வழி வைத்திருந்தார்கள்: ஹேயை அதன் சொல்முதல் வடிவத்தில் எழுதுவது, வாலை நீட்டுவது, ஒரு கண்ணி போடுவது. இந்த வேறுபாடுகளைக் கணினி அறிந்துகொண்டது 2012 ஜனவரியில்தான். யூனிகோட் 6.1இல் அரபுக் கணித எழுத்துகள் என்று 143 குறிகள் கொண்ட ஒரு தொகுதி வந்தது. ஒன்றோடொன்று ஒட்டாத, கணக்குக்கென்றே உள்ள எழுத்துகள். கூட்டுத்தொகைக்கான தனிக்குறியும் அதில் உண்டு.

இதெல்லாம் மேற்கத்தியக் குறியீட்டைப் பார்த்து நேற்று யாரோ திருப்பிப் போட்ட வேலை என்று நினைத்துவிட வேண்டாம். 15ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கணித அறிஞர் அல்-கலஸாதி மூலத்துக்கு ஜீம், தெரியாத அளவுக்கு ஷீன், சமத்துக்கு லாம் என்று எழுத்துகளைக் குறிகளாக வைத்துக் கணக்கு எழுதியிருக்கிறார்; அவருக்கு முன்பே வட ஆப்பிரிக்காவில் அந்த மரபு இருந்தது. சைன் என்ற சொல்லே ஒரு நீண்ட பயணி. சமஸ்கிருதத்தின் ஜ்யா, ஜீவா அரபியில் ஜீபா ஆகி, அதை ஜைப் என்று படித்து, ஜைபை லத்தீனில் சைனஸ் என்று மொழிபெயர்த்தார்கள். அரபுப் பாடநூலில் இன்றும் சைனுக்கு ஜா என்று, அந்த ஜைபின் சுருக்கத்தைத்தான் எழுதுகிறார்கள். இப்படிப்பட்ட சொல்லை எடுத்துவிட்டு லத்தீன் சுருக்கத்தை வை என்று ஒரு மென்பொருள் கட்டாயப்படுத்தும்போது, அந்த மாணவரின் கையிலிருந்து பழகிய ஒரு கருவியைப் பிடுங்குகிறோம்.

திசையை விட்டுவிட்டாலும் மொழிக்கு மொழி வேறுபாடு நிறைய இருக்கிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை. ரஷ்யாவில் டேன் என்பதன் சுருக்கம் வேறு, ஸ்பானிய மொழியில் சைனின் எழுத்துக்கூட்டு வேறு. ஜெர்மனியில் தொகையீட்டுக் குறி நிமிர்ந்து நிற்கும். திறந்த இடைவெளியை (இரு முனை எண்களும் சேராத எண்வரம்பை) வளைந்த அடைப்புக்குறிக்குள் எழுதுவோர் உண்டு, பிரான்சில்போல் சதுர அடைப்பை வெளிப்பக்கம் திருப்பி எழுதுவோர் உண்டு. ÷ குறியை ஸ்காண்டிநேவியாவில் கழித்தலுக்குப் பயன்படுத்திய வழக்கமே இருந்தது. தசமத்துக்குப் புள்ளியா காற்புள்ளியா என்பதை 2003இல் எடைகள் அளவைகளுக்கான பொது மாநாடு இரண்டும் சரி என்றே விட்டுவிட்டது. அப்படியானால் (1,2) என்பது இரண்டு எண்களா, ஒரே எண்ணா? சூழலைப் பார்த்து மனிதர் சொல்லிவிடுவார். பார்வையற்றவருக்குப் படித்துக் காட்டும் திரைவாசிப்பான் எதை வைத்துச் சொல்லும்?

நீள்வகுத்தல் தனிக்கதை. வகுக்கும் எண் இடப்பக்கமா வலப்பக்கமா, ஈவு மேலேயா கீழேயா என்று நாட்டுக்கு நாடு மாறுகிறது. மேத்எம்எல் 3 இதற்கென்று ஒரு பண்பு வைத்து, பத்து வகை வடிவங்களைப் பெயர் சொல்லிக் கொடுத்தது. கணக்கு ஒன்று, காட்டும் விதம் பத்து. அரபுத் தொடர்பெருக்கக் குறிக்கும் (நாம் 5! என்று போடும் குறியின் இணை) அதில் இடம் இருந்தது. படித்தபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது.

ஆனால் எழுதி வைத்தது வேறு, உலாவியில் நடப்பது வேறு. ஃபயர்பாக்ஸும் சஃபாரியும் மேத்எம்எல்லைப் பல ஆண்டுகளாகக் காட்டிவந்தன. குரோம் 2013இல் சேர்த்த வேகத்தில் எடுத்துவிட்டது. பத்து ஆண்டுகள் கழித்து, 2023 ஜனவரியில், குரோம் 109இல்தான் மறுபடி வந்தது; இகாலியா என்ற நிறுவனம் அந்த வேலையைச் செய்தது. அப்படி வந்தது மேத்எம்எல் கோர் என்ற சுருக்கப்பட்ட வடிவம். உலாவிகள் எல்லாம் ஒரே மாதிரி செய்யக்கூடிய சிறு பகுதியை முதலில் உறுதியாக்குவோம் என்ற எண்ணம், அதில் தவறில்லை, பெரிய கனவு எந்த உலாவியிலும் ஓடாமல் கிடப்பதைவிட இது மேல். வருத்தம் எங்கே என்றால், வெட்டு விழுந்த இடங்களில். நீள்வகுத்தல் கோரில் இல்லை. அரபுத் தொடர்பெருக்கக் குறியைத் தாங்கிய உறுப்பும் இல்லை. அரபு எழுத்தின் நீட்டிய வடிவம், வால் வடிவம் என்று சொல்லிக் கேட்கும் வசதியும் போயிற்று. இனி அந்த 143 குறிகளையே நேரடியாக எழுத வேண்டும், எழுத வசதியான விசைப்பலகை எத்தனை பேரிடம் இருக்கிறது? சுருக்கும்போது முதலில் போவது ஏற்கெனவே குறைவாகக் கிடைத்தவர்களுடையதாக இருக்கிறது.

நீட்டல் என்று இன்னொரு வேலையும் பாக்கி. உயரமான பின்னத்தைச் சுற்றி அடைப்புக்குறி தானே வளர்வதைப் பார்த்திருப்பீர்கள். மேல் துண்டு, கீழ்த் துண்டு, நடுவே நேர்க்கோடுகளை அடுக்கி உலாவி அதைச் செய்கிறது. அரபியில் எல்லைக்கான குறி ஒரு சொல்லின் சுருக்கம். அடியில் எழுதும் நிபந்தனை எவ்வளவு நீளமோ அவ்வளவுக்கு அந்தச் சொல்லின் இணைப்புக் கோடு அகலமாக வேண்டும். அந்தக் கோடு நேர்க்கோடு அல்ல, பேனா வளைந்து போகும் வளைவு. துண்டு துண்டாக ஒட்டினால் எழுத்தழகு தெரிந்தவர் முகம் சுளிப்பார். இதை அழகாகச் செய்ய எழுத்துரு நுட்பமே இன்னும் வளர வேண்டும்.

தமிழ் எழுதும் நாம் இடமிருந்து வலம்தானே, நமக்கென்ன என்று கேட்கலாம். நமக்கும் உண்டு. தெக்கிலிருந்து பிறந்த லாடெக் (LaTeX) வழியில் வந்த கருவிகள் கணக்குக்குள் வரும் ஒவ்வொரு குறியையும் தனி மாறியாக எடுத்துக்கொள்கின்றன. அங்கே கோணம் என்று எழுதினால் ககரம் ஒரு பக்கமும் ஓகாரக் குறி புள்ளி வட்டத்தோடு இன்னொரு பக்கமும் பிரிந்து நிற்கும், சொல் உடைந்துவிடும். உரைப்பகுதி என்று தனியாகச் சொல்லி அடைத்தால்தான் ஒட்டும். எழுத்து என்றால் ஒரு குறி, ஒரு பெட்டி என்ற எண்ணத்தில் கட்டப்பட்ட கருவி, சேர்ந்து உருவாகும் எந்த எழுத்தையும் இப்படித்தான் நடத்தும். அரபுக்காகச் சரிசெய்யும் வேலையில் பாதி நமக்கும் சேர்த்துத்தான்.

இதெல்லாம் தலைவலி என்று சூத்திரத்தைப் படமாக்கிப் போட்டுவிடுகிறவர்கள் நிறைய. திசை தவறாது, எழுத்துரு பிரச்சினை இல்லை, உண்மைதான். ஆனால் படத்தைப் பெரிதாக்கினால் மங்கும், தேடலில் சிக்காது, நகலெடுத்து மாற்ற முடியாது, பார்வையற்ற மாணவருக்கு அங்கே ஒன்றுமே இல்லை. அமைப்பாக எழுதிவைத்த சூத்திரத்தை நாளைக்கு வேறு பாணியில் காட்டலாம், படத்தை எதுவும் செய்ய முடியாது. இப்போது வரைவாக இருக்கும் மேத்எம்எல் 4இல், இந்தச் செங்குத்துக் கோடுகள் தனிமதிப்பா அணிக்கோவையா, இந்த மேல்குறி அடுக்கா வேறு ஏதாவதா என்று எழுதுகிறவர் தன் கருத்தைச் சொல்லி வைக்க ஒரு பண்பு சேர்க்கிறார்கள். வாசிப்பான் எந்த மொழியில் பேசினாலும் அந்தக் கருத்தை எடுத்துத் தன் மொழியில் சொல்லிக்கொள்ளலாம். எனக்கு அதிக நம்பிக்கை தருவது இதுதான், ஏனென்றால் வடிவத்தையும் பொருளையும் பிரித்துவிட்டால் திசை என்பது காட்டும் நேரத்தில் எடுக்கிற முடிவாகிவிடும்.

அதுவரை, வலமிருந்து இடமாக எழுதும் மொழியில் இணையப்பக்கம் செய்கிறவர்கள் நாளைக்கே செய்யக்கூடியவை உண்டு. 5-3 போன்ற சின்னக் கணக்கைக்கூட வெறும் உரையாக விடாமல் மேத்எம்எல்லுக்குள் வையுங்கள். முடியாவிட்டால் சுற்றியுள்ள உரையின் திசை உள்ளே தொடாமல் பிரித்து வைக்க யூனிகோட் 6.3இல் வந்த தனிப்படுத்தும் குறிகளையோ எச்டிஎம்எல்லின் தனிப்படுத்தும் உறுப்பையோ பயன்படுத்தித் திசையையும் சேர்த்தே சொல்லுங்கள். பக்கத்தின் மொழியைச் சொல்வதோடு நிறுத்தாமல் கணக்கின் திசையை ஒவ்வொரு சூத்திரத்திலும் சொல்லுங்கள். மொழிபெயர்க்கும்போது அம்பு, தசமக்குறி, சார்புகளின் சுருக்கம் மூன்றையும் கண்ணால் பாருங்கள். அப்புறம், வெளியிடும் முன் அந்த நாட்டுப் பள்ளியில் கணக்குப் படித்த ஒருவரிடம் காட்டுங்கள், மொழி தெரிந்தவர் மட்டும் போதாது. கெய்ரோவில் படித்தவரும் தெஹ்ரானில் படித்தவரும் அதே வரியை எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்குவார்கள், எந்தப் பக்கம் சரி என்பதை உங்கள் இணையப்பக்கம் அவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.